பாப்பாவுக்கு டெக் சூட் வாங்கலாமா?

காட்பாடிப் பக்கம் பிள்ளைகளை நீச்சல் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரிடம், போட்டித் தேதி வந்ததுமே ஒரு பேச்சு கிளம்பிவிடும். போட்டிக்கென்றே செய்த இறுக்கமான நீச்சல் உடையான டெக் சூட் வாங்கலாமா, வேண்டாமா? விலையைக் கேட்டால் தலை சுற்றும். நல்ல கம்பெனி உடை 10,000 ரூபாயில் ஆரம்பித்து 40,000 வரைக்கும் போகிறது. அதைப் போட்டால் பிள்ளை ரெண்டு செகண்ட் குறைத்துவிடும் என்று ஒருவர் சொல்வார். அதையெல்லாம் எப்பவோ தடை பண்ணிட்டாங்களே என்று இன்னொருவர் சொல்வார். ரெண்டு பேர் சொல்வதும் முழு உண்மை இல்லை.

என் மகள் சில வருடங்களாகப் போட்டிகளில் நீந்துகிறாள். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன். நீச்சலுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் பாலியூரித்தேன் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். எங்கள் வேலையில் அதை பியூ என்போம். தரம் குறைந்த தோலின் மேல் பியூ படலத்தைப் பூசினால் பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், தண்ணீர் ஏறாது. ஆனால் படலம் கனமாகிவிட்டால் தோல் மூச்சு விடாது. அந்த ஷூவைப் போட்டவனுக்குக் கால் வெந்துவிடும். அதனால்தான் ஏற்றுமதிக்குப் போகும் தோலுக்குக் கனம் எத்தனை மில்லிமீட்டர், ஆவி எவ்வளவு வெளியேறுகிறது என்றெல்லாம் அளந்து பார்க்கிறோம். நீச்சல் உடை விதிகளை முதல் முறை படித்தபோது அதே சொற்கள் அங்கேயும் இருந்தன. கனம், ஊடுருவல், மேல்பூச்சு. எங்கள் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது போலவே இருந்தது.

கதை 2008இல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்இசட்ஆர் ரேசர் என்ற உடையைக் கொண்டுவந்தது. அதற்கான துணிகளை அமெரிக்காவின் நாசா தன் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துக் கொடுத்தது. ஊசித் தையல் கிடையாது, மீயொலி (அல்ட்ராசவுண்ட்) அதிர்வால் ஒட்டிய இணைப்புகள். முக்கியமான இடங்களில் பியூ பட்டைகள். அந்த ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சலில் 25 உலக சாதனைகள் விழுந்தன. அதில் 23 சாதனைகளைச் செய்தவர்கள் இந்த உடையைப் போட்டிருந்தார்கள்.

மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? பட்டை எதற்கு, முழு உடையையும் பியூவிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினார்கள். அரீனா எக்ஸ்-கிளைட், இத்தாலியின் ஜேக்ட் எல்லாம் அப்படி வந்தவை. 2009 ஜூலை-ஆகஸ்டில் ரோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள். எட்டு நாள் போட்டியில் 43! ஜெர்மனியின் பால் பீடர்மன் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் இயன் தோர்ப் வைத்திருந்த 3:40.08 என்ற சாதனையை நூறில் ஒரு பங்கு செகண்டில் முறியடித்தார். 200 மீட்டரில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸையே தோற்கடித்தார். பீடர்மன் 1:42.00, ஃபெல்ப்ஸ் 1:43.22. ஃபெல்ப்ஸ் போட்டிருந்தது முந்தைய வருடத்து ஸ்பீடோ, பீடர்மன் போட்டிருந்தது புது அரீனா. ஜெயித்த பீடர்மனே உடையால் வித்தியாசம் வந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

உடைக்குள் நடந்தது என்ன? இறுக்கமான பியூ, உடம்பின் சதையை ஒரே உருளையாகப் பிடித்துவைக்கிறது. அதனால் தண்ணீரின் தடை குறைகிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது என்பதால் இங்கே சின்னக் குறைவும் பெரிய லாபம். அதைவிடப் பெரிய விஷயம் மிதப்பு. பியூ துணி தண்ணீரை உறிஞ்சாது, உள்ளே மாட்டிய காற்றையும் வெளியே விடாது. கடைசி இருபது மீட்டரில் கை கால் ஓய்ந்து இடுப்பு தாழும்போது நீந்துபவரின் பலம் செய்ய வேண்டிய வேலையை உடை செய்துவிடும்.

இதை நான் வீட்டில் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒடுகத்தூர்ப் பக்கம் கமலைக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர். "இன்னாடா இது, சுரக்குடுக்கய கட்டிகினு வந்து பந்தயத்துல ஜெயிச்சேன்னு சொன்னா ஊர்ல ஒத்துக்குவாங்களா?" என்றார். உலக நீச்சல் அமைப்பான ஃபினா பல மாதம் கூடிப் பேசி எடுத்த முடிவை அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். பழகுவதற்குக் குடுக்கை வேண்டும். பந்தயம் என்று வந்துவிட்டால் அதை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட வேண்டும்.

ரோம் போட்டி நடந்த சமயத்திலேயே ஃபினா கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. 168 பேர் தடைக்கு ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. 2010 ஜனவரி 1 முதல் புது விதிகள் வந்தன. ஃபினாவின் பெயர் இப்போது வேர்ல்டு அக்வாடிக்ஸ் என்று மாறிவிட்டது, ஆனால் விதியின் சாரம் அப்படியே இருக்கிறது. ஆண்களுக்கு உடை தொப்புளுக்கு மேல் போகக் கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்களுக்குத் தோளைத் தாண்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, கழுத்தை மூடக் கூடாது. ஜிப் கூடாது, கொக்கி கூடாது. ஆண்களின் உடையில் இடுப்பு நாடா மட்டும் இருக்கலாம். காற்று ஊடுருவும் துணியாக இருக்க வேண்டும். கனம் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு சதுர மீட்டர் துணி வழியாக ஒரு செகண்டில் 80 லிட்டருக்கு மேல் காற்று போக வேண்டும், அதுவும் துணியை இழுத்துப் பிடித்த நிலையில். மிதப்பு விசை 0.5 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறத்தாழ 50 கிராம் எடையைத் தூக்கும் அளவு, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மேல்பூச்சு பற்றிய விதி. தண்ணீர் ஒட்டாமல் இருக்கத் துணியின் மேல் பூச்சு கொடுக்கலாம், ஆனால் அந்தப் பூச்சு துணியின் கண்களை அடைத்துவிடக் கூடாது. ஃபினிஷிங் வேலை தெரிந்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி எழுதியது போல அவ்வளவு சரியாக இருக்கிறது. இன்று கடையில் டெக் சூட் என்று விற்பதெல்லாம் இந்த விதிக்குள் அடங்கிய துணி உடைகள்தான். இறுக்கம் இருக்கும், தண்ணீர் ஓரளவு வழுக்கும், மிதக்க வைக்காது.

இந்த விதிகளால் நீச்சல் மெதுவாகிவிடும் என்று அப்போது பயந்தவர்கள் உண்டு. 2009இல் ரோம் குளத்தில் பியூ உடையில் பிரேசிலின் செசார் சியேலோ 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.91இல் முடித்தார். அதே குளத்தில் 2022 ஆகஸ்டில் ருமேனியாவின் டேவிட் போபோவிச்சி, முழங்காலோடு முடிகிற சாதாரணத் துணி உடையில் 46.86 எடுத்தார். அப்போது அவருக்கு 17 வயது. பீடர்மனின் 400 மீட்டர் சாதனை விழ 2025 ஏப்ரல் வரை ஆனது. அதை விழவைத்ததும் ஒரு ஜெர்மானியர்தான், லூகாஸ் மார்ட்டென்ஸ், 3:39.96. நமக்கு இன்னும் நெருக்கமான சேதி ஒன்று உண்டு. நெய்வேலியில் நீந்திப் பழகிய சாஜன் பிரகாஷ், ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர். 2021 ஜூனில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1:56.38. அதுவும் அதே ரோம் குளத்தில்தான். மகளுக்கு இந்த மூன்று பேரையும் நான் அடிக்கடி சொல்வேன்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் துபாயில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஆசையாக ஒரு பார்சல் அனுப்பினான். "மாமா, இது ஒரிஜினல், கூட வேலை செய்றவர் பையனோடது, ரெண்டு தடவைதான் போட்டிருக்கான்" என்றான். பிரித்துப் பார்த்தால் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பு உடை, முதுகில் ஜிப். துணியை உதட்டில் வைத்து ஊதினேன், அந்தப் பக்கம் ஒரு துளி காற்றும் வரவில்லை. தடைக்கு முந்திய காலத்து உடை. அவன் மனம் நோகாமல் எடுத்துச் சொன்னேன், அவனும் புரிந்துகொண்டான். இப்படிப்பட்ட உடைகள் பழைய சாமான் விற்கிற இடங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விலை மலிவாக, பார்க்கப் புதிதாக இருக்கும். யாராவது பாசத்தோடு கொடுத்தாலும் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்னையில் ஒரு போட்டியில் கண்ணால் பார்த்தேன். ஒரு பையன் அதே மாதிரி ஜிப் வைத்த உடையோடு வரிசையில் நின்றான். நடுவர் கூப்பிட்டு இதில் நீந்த முடியாது என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் மாற்று உடை இல்லை. வேறு ஊர்க் கோச் ஒருவர் தன் பையனுடைய ஜாமரை, அதாவது முழங்கால் வரை வரும் நீச்சல் கால்சட்டையை, கொடுத்தார். அந்தப் பிள்ளை ஓடிப்போய் மாற்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்து ஸ்டார்டிங் பிளாக்கில் ஏறியது. அன்றைக்கு அவன் நீந்திய நேரம் அவனுடைய நேரமே இல்லை. மாவட்டப் போட்டிகளிலும் பள்ளிப் போட்டிகளிலும் பல சமயம் உடையை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நம் பிள்ளைகள் பழகிப்போய் மாநிலப் போட்டியில் முதல் முறை மாட்டுகிறார்கள். விதி தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆள் பெற்றோர்தான். கோச் ஒருவர் முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறார், ஒவ்வொருவர் பையையும் அவர் திறந்து பார்க்க முடியாது.

இப்போது வாங்கலாமா என்ற கேள்வி. என் எண்ணத்தை நேராகச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்காவில் 12 வயது வரையிலான பிள்ளைகள் டெக் சூட் போடக் கூடாது என்று அங்கத்திய நீச்சல் அமைப்பே 2020 செப்டம்பரிலிருந்து விதி வைத்துவிட்டது. காசு இருக்கிற நாடே வேண்டாம் என்கிறது. வளர்கிற வயதில் ஆறு மாதத்தில் உடை பற்றாமல் போய்விடும். அதோடு அந்த வயதில் பிள்ளையின் நேரம் குறைவது ஸ்டார்ட்டிலும் டர்னிலும்தான். சுவரைத் தொட்டுத் திரும்பும்போது மூச்சு எடுத்துத் தயங்கும் பிள்ளைக்கு எந்தத் துணி போட்டாலும் அந்தத் தயக்கம் போகாது.

நாங்கள் அந்தப் பணத்தை ரயில் டிக்கெட்டுக்கும் குளக் கட்டணத்துக்கும் செலவு பண்ணினோம். மகள் பழகுவது 25 மீட்டர் குளம். அதில் 100 மீட்டர் என்றால் மூன்று டர்ன். சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம், அங்கே 100 மீட்டருக்கு ஒரே டர்ன்தான். சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகம் குறைந்து, முழுக்க முழுக்கக் கையை நம்பி நீந்த வேண்டியிருக்கும். 25 மீட்டரில் சுவர் வராதது முதல் முறை பிள்ளைக்குப் பயமாகவே இருக்கும். விடிகாலையில் காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, வேளச்சேரி போய், மதியம் வரை நீந்தி, இரவுக்குள் வீடு. போட்டிக்கு முன்னால் அந்தக் குளத்தில் உடம்பு பழகிவிட்டால் அதில் கிடைக்கும் லாபம் எந்த உடையிலும் கிடைக்காது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

பதினான்கு, பதினைந்து வயதாகி, மாநில அளவில் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறும் நிலைக்கு வந்துவிட்டால் ஒன்று வாங்கலாம். அப்போது பார்க்க வேண்டியது முத்திரை. அனுமதி பெற்ற உடையில் பின்பக்கம் அதற்கென்று சின்ன அடையாள முத்திரை ஒட்டப்பட்டிருக்கும், அதில் ஒரு எண் இருக்கும். வேர்ல்டு அக்வாடிக்ஸ் இணையதளத்தில் அனுமதி பெற்ற உடைகளின் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்குவதென்றால் பணம் கட்டுவதற்கு முன் அந்த முத்திரையை மட்டும் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வந்த உடையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருந்தது, முத்திரை இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ள விற்றவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அளவில்தான் நம் வீட்டுப் பழக்கம் கெடுக்கும். "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடு" என்று யாராவது சொல்வார்கள். பள்ளிச் சீருடைக்கு அது சரி, இங்கே கூடாது. தளர்ந்த டெக் சூட்டுக்குள் தண்ணீர் புகுந்து பை மாதிரி உப்பும், சாதாரண காஸ்ட்யூமைவிட மோசம். இன்னொன்று, பெரிய அளவு எடுத்தால் கால் பகுதி முழங்காலைத் தாண்டி இறங்கும். அதுவே விதி மீறல். காலையில் வெறும் வயிற்றில் அளவெடுத்து அந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

போடுவது தனி வேலை. முதல் முறை அரை மணி நேரம் ஆகும், பழகினால் பதினைந்து இருபது நிமிடம். உடம்பு ஈரமில்லாமல் இருக்க வேண்டும், எண்ணெய் கூடாது. நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். கொலுசைக் கழற்ற வேண்டும், கொக்கி மாட்டினால் துணி கிழிந்துவிடும். என் அம்மா "பொண்ணு வெறுங்காலோட போவக் கூடாது" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார், போட்டி முடிந்த கையோடு போட்டுவிடுவோம் என்று சொன்னதும் சமாதானமானார். இடுப்பில் தாயத்துக் கயிறு இருந்தால் அதுவும் உடைக்குள் அழுத்தும், முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு கவரை உருவிவிடலாம். துணியை விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல் உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ள வேண்டும். முழங்காலிலிருந்து தொடை சரியாக உட்கார்ந்த பிறகே இடுப்புக்குப் போக வேண்டும். பெண் பிள்ளைக்கு அப்பா மட்டும் கூடப் போனால் உடை மாற்றும் அறையில் உதவிக்கு யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா வர முடியாத நாளில் கூட வரும் இன்னொரு அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். என் மனைவி இப்போது எங்கள் குழுவில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் போட்டுவிடுகிறாள்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உடை போடக் கூடாது. உடம்பில் டேப் ஒட்டக் கூடாது, கைப்பட்டை கால்பட்டை கூடாது. ஆனால் தொப்பி இரண்டு போடலாம். நீளமான பின்னல் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வசதி. கொண்டையை ஒரு தொப்பிக்குள் அடக்கி மேலே இன்னொன்று போட்டால் டைவ் அடிக்கும்போது கழன்று வராது. அடர்ந்த முடிக்காகச் செய்த சோல் கேப் என்ற பெரிய தொப்பியை 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் ஃபினா மறுத்தது, 2022இல் அனுமதித்தது. விதிகள் இப்படி மாறும். அதனால் ஒவ்வொரு சீசன் ஆரம்பத்திலும் ஒரு முறை பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் நம் ஊர் வெயிலே பெரிய எதிரி. மே மாதம் மொட்டை மாடியில் காயப்போட்டாலும், நிறுத்திய காரில் விட்டுவைத்தாலும் அந்தத் துணியின் இழுவை போய்விடும். போட்டி முடிந்ததும் குளோரின் போகக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணி உப்பு, அதனால் காவேரித் தண்ணி வரும் நாளில் பிடித்து வைத்ததில் அலசுகிறோம். சோப்பு வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்தி நிழலில் விரித்துவிட்டால் போதும். வார்ம்-அப்புக்கு இதைப் போடக் கூடாது, குளத்தின் சொரசொரப்பான விளிம்பில் உட்காரக் கூடாது. தண்ணீர் வழுக்கும் பூச்சு ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் போகும், அதை மறுபடி ஏற்ற வழியில்லை. தோலுக்கும் அப்படித்தான், தேய்ந்த ஃபினிஷ் தேய்ந்ததுதான்.

இந்த வருடம் மகள் பெரிய வயதுப் பிரிவுக்குப் போகிறாள். கோச்சிடம் கேட்டேன். "இப்ப எடுக்கலாம் சார், ஆனா ரெண்டு ரேஸுக்கு மட்டும் போடட்டும்" என்றார். முழங்கால் வரை வரும் ஒன்றை வாங்கியிருக்கிறோம், முத்திரை எண்ணைப் பட்டியலில் பார்த்துச் சரி என்று உறுதி செய்த பிறகுதான் பணம் கட்டினேன். பயிற்சியில் ஒரு முறை போட்டு டைவ் அடித்துப் பார்த்தாள், தோள்பட்டை உறுத்தவில்லை. மாநிலப் போட்டியில் 100 ஃப்ரீஸ்டைலுக்கும், நான்கு வகை நீச்சலும் கலந்த 200 மெட்லிக்கும் அது. மற்ற ரேஸ்களுக்குப் பழைய காஸ்ட்யூம், அதில் இரண்டு பையில் இருக்கும்.